நாலு விரல் உயரம்

சிந்திய தேநீரில் விரலைத் தொட்டு, கடை மேசைமேல் ஒரு வீட்டை வரைந்துகொண்டேதான் பேசுவார் எங்கள் பிளான்காரர். கூடம், சமையலறை, நடுவே ஒரு வாசல். அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. வரைந்து முடிப்பதற்குள் கூடம் வழிந்து என் மடியில் சொட்டும். "பாத்தீங்களா அண்ணே, தளத்துக்கும் என் உலகத்துக்கும் இதான் வித்தியாசம்" என்பார், என்னை நனைத்த வருத்தம் துளியும் இல்லாமல்.

ஒரு காலத்தில் சாயங்காலமானால் எங்கள் இருவருக்கும் அந்த மேசைதான். அவர் வரைவார், நான் கட்டுவேன். நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். மண் சுமந்து, மேஸ்திரியாகி, காண்ட்ராக்டராகி, இந்த ஊரில் பாதிப் பேரை நான் போட்ட கூரைக்கடியில் தூங்க வைத்திருக்கிறேன்; இல்லை என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம். அப்படிப்பட்ட எனக்கே அவர் பாடம் எடுப்பார்.

"இந்த மேசை ஒரு தளம். தூக்கலாம், சாய்க்கலாம், அடியில பூனை படுத்துக்கும். ஏன்னா சுத்தி இடம் இருக்கு. நான் சொல்ற ரெண்டு அளவு உலகத்துல நீளம், அகலம், அவ்வளவுதான். மேலயும் கிடையாது, கீழயும் கிடையாது. சாயணும்னா சாயறதுக்கு ஒரு பக்கம் வேணாமா?"

"அங்க வீடு கட்டினா?"

"கூரையே வேணாம்."

"அப்ப அந்த ஊர்ல எனக்குப் பொழப்பு இல்ல. நீயே போய் இருந்துக்க."

அவர் பாதி நாள் அங்கேதான் இருந்தார். நுழையாத வீட்டையும் மேலிருந்து பார்த்தவர்போல் சொல்வார்: "அவங்க படுக்கையறைக் கதவு இடப்பக்கம் திறக்கும்." விளக்கு அணைந்தாலும் சுவரில் முட்ட மாட்டார். ஆனால் படி கண்டால் தடுக்குவார். எத்தனை மாடிப்படி வரைந்த மனிதர்! தாளில் படி என்பது வரிசையாகச் சில கோடுகள்தானே. "கோடு காலைத் தடுக்குமா?" என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்பார்.

அவர் மனைவிக்குக் காய்ச்சல் ஒன்று வந்து கால்கள் ஓய்ந்தன. என்னை அண்ணன் என்று அழைக்கும் அந்தத் தங்கச்சிக்கு ஒரே ஆசை: யாரையும் கூப்பிடாமல், தானே சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்ப் பின்பக்கத் தோட்டத்தைப் பார்க்கவேண்டும். அதற்காகக் கூடத்தை ஒட்டி, தோட்டத்தைப் பார்த்தபடி பின்பக்கம் ஓர் அறை வரைந்தார். வாசல் அகலம், நாற்காலி திரும்பும் வட்டம், கை எட்டும் சன்னல் எல்லாம் கச்சிதம். அவர் போட்ட பிளான்களில் அதைப்போல் அழகானது இன்னொன்று இல்லை.

நான் அப்போது வெளியூரில் பெரிய வேலை ஒன்றில் இருந்தேன். என் ஆட்கள் கட்டினார்கள். பின்பக்கத்து அறை என்றால், மழைத்தண்ணீர் ஏறாதபடி தரையை நாலு விரல் உயர்த்திப் போடுவது எங்கள் தொழில் வழக்கம். வேண்டாம் என்றால் பிளானில் எழுதிவிட வேண்டும். உலகத்துக்கே பாடம் எடுத்தவர், உயரம் என்று ஓர் எழுத்துகூட எழுதவில்லை.

திறந்துவைக்கும் நாளில் நானும் வந்திருந்தேன். தங்கச்சி தள்ளவந்த கைகளை எல்லாம் விலக்கிவிட்டு, கூடத்தை வேகமாகக் கடந்தாள். வாசலில் முன்சக்கரம் முட்டி நின்றது. பின்வாங்கி இன்னொரு முறை வந்தாள். மறுபடியும் முட்டியது.

"என்னங்க, உங்க பிளான்படி நான் இங்க பறக்கணுமா?" என்று சிரித்தாள். சக்கரத்தைப் பிடித்த கை மட்டும் இறுகியே இருந்தது.

"நாளைக்கே இடிச்சு இறக்கிடறேன் தங்கச்சி. நான் சொன்னா சொன்னதுதான்" என்றேன்.

"அதுவரைக்கும் அவ வாசல்லயே நிக்கணுமா அண்ணே?" என்றார் பிளான்காரர்.

நாங்கள் அப்படிப் பழகிய நாட்களெல்லாம் போய்விட்டன. அவர் இன்றும் இதே ஊரில்தான் இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிகம். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு அந்த வாசல்தான் முன்னால் வருகிறது.

தரையில் குனிந்தே நான் பார்த்திராத மனிதர், அன்று அந்த வாசலில் மண்டியிட்டார். கையிலிருந்த பிளானை விரித்து, அதன் ஒரு விளிம்பைப் புது அறைத் தரைமேல் வைத்தார். மறு விளிம்பைக் கூடத்துத் தரையில் பதித்து, சரிவு போதும் என்று தோன்றும்வரை மெல்ல இழுத்தார். "இந்தச் சாய்வுல ஒரு பலகை, அண்ணே. இப்பவே" என்றார். நடுவில் தாள் தொய்ந்தது. அடியில் தன் உள்ளங்கையை நுழைத்து அதைத் தாங்கிப் பிடித்தார்.