லுங்கா, லாலோ

ஆக்லாந்தில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கண்ணாடிச் சாமான் கழுவ வந்தவள் சியேனி, என்னைப் போலவே சமோவாக்காரி. பத்தே வருடத்தில் செல் வளர்ப்பதில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டாள். சின்னக் கிண்ணத்துச் சவ்வின்மேல், மூச்சுக்குழாயின் உள்தோல் மாதிரியே ஓர் அடுக்கு வளர்ப்பாள். தட்டம்மைக் கிருமி அடியிலிருந்து அதற்குள் நுழையும். வெளியேறுவது எந்தப் பக்கம்? மேலே என்றால் மூச்சுக்காற்றோடு போகும். கீழே என்றால் உடம்புக்குள்ளேயே கிடக்கும். அதைத்தான் சோதித்துக்கொண்டிருந்தோம்.

முந்தின வருடம் பிள்ளைகள் ஞாயிறு பண்டிகைக்குச் சமோவா போனபோது அவளுக்கு லேசான இருமல். தங்கை மகன் இயோவானேவுக்குப் பத்து மாதம். எங்கள் வழக்கப்படி மூக்கோடு மூக்கு வைத்து மூச்சை இழுத்துக் கொஞ்சினாள். திரும்பி வந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் தட்டம்மை. குழந்தைக்கும் அம்மை கண்டு ஒரு மாதத்தில் போய்விட்டான்.

"கீழதான் எறங்குதுன்னு வந்துடணும்டி" என்பாள் என்னிடம். அம்மை மூச்சில் பரவுவது ஊருக்கே தெரியும். இவளுக்கு ஏன் இந்த அசட்டுத்தனம் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

குழந்தையின் நினைவு நாளன்று சவ்வுக்கு மேலும் கீழும் உள்ள திரவத்தைத் தனித்தனிக் குழாய்களில் சேகரித்தவள், மூடிகளில் எங்கள் சமோவா மொழிச் சொல்லின் முதலெழுத்தை மட்டும் போட்டுவிட்டுத் தேவாலயத்துக்குப் போய்விட்டாள். மேலுக்கு லுங்கா, கீழுக்கு லாலோ. எங்கள் எழுத்தில் இரண்டுக்கும் முதலில் வருவது ஒரே 'L'தான்! எங்கள் தலைவி ஹில்டா முன்வரிசைதான் மேல் என்று நினைத்துக் கிருமியை எண்ணினார். கிருமியெல்லாம் கீழே என்று வந்தது.

மறுநாள் சியேனி தேங்காய்ப்பால் பன் சுட்டுக்கொண்டு வந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். நான் மூன்று பன் தின்றேன்.

சாயங்காலம் குழாய்களை அப்புறப்படுத்தப் போனவள் அப்படியே நின்றாள்.

"மேல் கிண்ணத்துல எப்பவும் தண்ணி கொஞ்சம்தான் புடிக்கும். கிருமி இருக்குறதுல பாரு, கால் குழாய்கூட இல்ல."

வரிசை மாறிப்போனது எனக்கும் புரிந்துவிட்டது. "பேசாம வீசுடி. யாரு கேக்கப்போறா?"

"இத நம்பி இன்னொருத்தி புள்ளைகிட்ட மூக்கக் கொண்டுபோவா."

நேரே ஹில்டாவிடம் போனாள். "எழுத்து போட்டது என் தப்பு. மாத்திக்குங்க. மேலதான் வருது."

அடுத்த ஞாயிறு தேவாலய வாசலில், வழக்கம்போல அவள் மூக்கோடு மூக்கு வைத்தேன். நான் விலகும்வரை சியேனி மூச்சே விடவில்லை.