பூப் போட்டுப் பார்த்த வைத்தியம்

பித்தளை விசில் அது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். பல்லால் கவ்விக் கவ்வி, வாய்ப்பக்கம் இரண்டு பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. உள்ளே கிடக்கும் தக்கை உருண்டை, கையில் எடுத்து ஆட்டினால் உலர்ந்த விதைபோலச் சத்தமிடும். இப்போது அது என் அக்காள் வீட்டு ஜன்னல் கட்டையில், ஒரு மருந்துப் புட்டிக்கும் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவே இருக்கிறது. ஒரு காலத்தில் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இந்த விசில் ஒலித்தால், டீக்கடையில் பாதி டீயோடு இருப்பவர்கூடக் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவருவார். ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும். இரண்டு விசில் என்றால் புறப்படும். அதை ஊதியவர் என் அக்காள் கணவர். மச்சான் என்றுதான் அவரை அழைப்பேன். திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். அதே கம்பெனியில் நான் டைம் கீப்பர்.

வண்டி வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதுவதே எனக்குச் சம்பளம் தந்த வேலை. வீட்டிலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. மழை பெய்த நாள், கிணறு வற்றிய நாள், அக்காளுக்குப் பிள்ளை பிறந்த நாள் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் மச்சானுக்கு நோய் எந்த நாளில் தொடங்கியது என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபோது அவர் நன்றாகத்தான் இருந்தார். அணாக் கணக்கில் டிக்கெட் கேட்ட கிழவிகளோடு செம்பட்டி வரை தொண்டை கிழிய வாதாடி, கடைசியில் அவர்களைச் சிரிக்க வைத்தே இறக்கிவிடுவார். புதுக் காசுக்கு ஊர் பழகி முடித்தபோது, விசிலின் ஓசை நடுவில் அறுபட ஆரம்பித்திருந்தது. ஊதுவார், பாதியில் இருமல் வந்துவிடும். டிரைவர் குழம்பிப்போய் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். புழுதி என்றோம், புகையிலை நெடி என்றோம். ஒருநாள் கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்த்த ஒரு பயணி, போட்டிருந்த மூட்டையையும் எடுத்துக்கொண்டு பாதி வழியில் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு சொல்வதற்கு எங்களிடம் வேறு காரணம் இருக்கவில்லை.

முதலாளி கெட்டவர் அல்ல. அவருடைய கூடப்பிறந்த அண்ணன் இந்த நோயில் போனவர். அந்தப் பயத்தில் அவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "மலை ஆஸ்பத்திரில படுத்து, சொகமாயிட்டேன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா, அன்னைக்கே வா, பையை மாட்டிக்க. வீட்டுல கெடந்துக்கிட்டு மாத்திரை முழுங்குறேன்னு வந்தியன்னா, என் வண்டிப் படியில கால் வைக்கப்படாது." மலை ஆஸ்பத்திரி என்று அவர் சொன்னது காசநோய்க்காரர்களை மாதக்கணக்கில் வைத்துப் பார்க்கும் சானடோரியத்தை. அங்கே கட்டில்கள் குறைவு. காத்திருந்த நோயாளிகள் எத்தனையோ மடங்கு. கட்டில் கிடைத்தால் உயிரும் உத்தியோகமும் மிஞ்சும், கிடைக்காவிட்டால் இரண்டும் போகும். இதுதான் அன்று எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த கணக்கு.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் முடிந்தபின் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். வாயால் விழுங்கும் புதிய மருந்துகள் வந்துவிட்டன. சானடோரியத்தில் படுத்துச் சாப்பிட்டாலும் வீட்டிலிருந்து சாப்பிட்டாலும் மருந்து ஒன்றுதான். ஓய்வும் மலைக்காற்றும் சத்தான சாப்பாடும் கூடுதலாக என்ன செய்கின்றன என்பது மட்டும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க, சம்மதிப்பவர்களை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை மலைக்கும் மறு பங்கை வீட்டுக்கும் அனுப்பப் போகிறார்கள். யார் எந்தப் பங்கு என்பதை டாக்டர் தீர்மானிக்க மாட்டார். ஒட்டிய உறைக்குள் இருக்கும் சீட்டு தீர்மானிக்கும்.

அக்காள் முந்தானையால் வாயைப் பொத்தியபடி கேட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று, "அப்ப கோயில்ல பூப் போட்டுப் பாக்குறாப்லயா?" என்றாள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் எடுப்பதோ கிணறு வெட்டுவதோ, எந்தப் பூ வருகிறதோ அதுதான் பதில். டாக்டருக்குப் பக்கத்தில் நின்ற விசிட்டர் அம்மா சிரித்துவிட்டார். நோயாளிகளின் வீடு தேடிப்போய் மருந்து கொடுத்துக் கவனிக்கும் பொறுப்பு அவருடையது. ஒல்லியான உருவம், வெள்ளைச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. "அதேதாம்மா. ஆனா இதுல சாமி மேல பழி போட முடியாது" என்றார்.

எங்களுக்கு முன்னால் உறை பிரிக்கப்பட்டவர் சேவுகம்பட்டிப் பூக்காரர். சொந்தமாக மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தவர். அவருக்கு மலை விழுந்தது. அடுத்த உறை மச்சானுக்கு. வீடு. அக்காள் அழவில்லை. மச்சான்தான் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வெளியே வராந்தாவில் பார்த்தால், அதிர்ஷ்டம் அடித்த பூக்காரர் அவரைவிடச் சோகமாக உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, கட்டில் கெடச்சவரு இப்பிடி ஒக்காந்துருக்கீங்க?"

"அட போப்பா. பூவு சீசனு. விடியுமுன்ன பறிக்க ஆளில்லாமக் கெடக்கு. நான் போயி மலையில மல்லாக்கப் படுத்துக்கெடந்தா என் செடிய யாரு பாப்பா, ஒன் மாமனாரா?"

"எனக்கு அந்தக் கட்டில் இல்லைன்னா பொழப்பே இல்லைண்ணே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நடந்தது சில நிமிட வேலை. கல்யாணப் பேச்சு முடித்த சம்பந்திகளைப் போலச் சேர்ந்து எழுந்து போய், விசிட்டர் அம்மா முன்னால் நின்றார்கள். "நாங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டோம்மா. எம் பூவை அவரு எடுத்துக்கிறாரு, அவரு பூவை நான் எடுத்துக்கிறேன். யாருக்கும் மனஸ்தாபம் இல்ல" என்றார் பூக்காரர். எனக்கும் அது மிக நியாயமாகவே பட்டது. யாருக்கும் நஷ்டமில்லாத இப்படியொரு ஏற்பாட்டை யார் மறுப்பார்கள்?

அந்த அம்மா மறுத்தார். "கட்டில் வேணுங்கிறவங்களுக்கே கட்டிலக் குடுத்தா, கடைசில கொணமாக்குனது கட்டிலா, இல்ல அவங்க ஆளே அப்பிடியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? எரியோட்டுல இருமுறாங்க, பழனில இருமுறாங்க. அம்புட்டுப் பேருக்கும் கட்டிலு எங்கய்யா இருக்கு? வீட்டுலயே பொழைக்க முடியும்னா அவங்க அத்தன பேரும் பொழைப்பாங்க. அதத் தெரிஞ்சுக்கத்தான் இது."

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊருக்கு வழி தெரிய என் வயித்துலதான் அடிக்கணுமாக்கும்?"

"வேணாம்னா இப்பவே சொல்லிருங்க. வழக்கமா குடுக்குற வைத்தியத்தைக் குடுப்போம். ஒருத்தரும் ஒங்களத் தடுக்க மாட்டோம். ஆனா மாத்திக்க மட்டும் முடியாது." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அவர் கண்களைப் பார்த்தபோது, அந்தப் பதில் அவருக்கும் எளிதாக வரவில்லை என்று தெரிந்தது.

தீர்த்துவைத்தவள் அக்காள். "வாங்க, வீட்டுக்குப் போவம். ஒரு பூ விழுந்த பெறகு மறுபூப் போடுறது மொறையில்ல." சம்மதம் என்பதை அவள் வேறெந்த வார்த்தையிலும் சொல்லவில்லை. இன்று யோசிக்கும்போது, படித்தவனான எனக்கு முன்பே, அந்தப் பரிசோதனையின் அடிப்படையை அவள் தன் வழக்கத்தின் வழியே பிடித்துக்கொண்டாள் என்று தோன்றுகிறது.

அந்த வருஷம் முழுவதும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருந்த அக்காள் வீட்டின் முன்னறையே மச்சானுக்கு மலை. ஜன்னலோரம் கட்டில், எதிர்ச்சுவர் ஆணியில் இந்த விசில். மாத்திரைகளில் ஒன்று சிறியது, தொந்தரவில்லாதது. மற்றொன்று பெரிய வில்லைகளாக, விழுங்கும்போதே வயிற்றைப் புரட்டும். விசிட்டர் அம்மா எந்த நாளில் வருவார் என்று சொல்லமாட்டார். வந்ததும் மிச்ச மாத்திரையைப் பார்ப்பார், ஒரு சீசாவை நீட்டி மூத்திரம் பிடித்துத் தரச் சொல்வார். மருந்து உடம்புக்குள் போகாதிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். "டிக்கெட் எடுக்காதவனப் பிடிக்க நான் ஏறுவேன். என்னையே பிடிக்க இந்தம்மா ஏறுது மாப்ளே" என்பார் மச்சான். சில மாதங்களில் காய்ச்சல் விட்டு, சாப்பாடு இறங்கி, கன்னம் தெளிந்தபோதுதான் ஆபத்து வந்தது. உடம்பு சரியாகிவிட்டதே, இந்த வில்லை எதற்கு என்று முரண்டு பிடித்தார். அக்காள் விசிலை ஆணியிலிருந்து கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் வில்லையை விழுங்கியபிறகுதான் அது ஆணிக்குத் திரும்பியது.

ஊதுவதற்கு டாக்டர் அனுமதிக்கவில்லை, பார்க்க மட்டும்தான். ஆனால் காது சும்மா இருக்குமா? அவருக்குப் பதிலாக வந்த புதுக் கண்டக்டர் ஊதும்போதெல்லாம் கட்டிலிலிருந்து குரல் வரும்: "என்னலே ஊதுறான் அவன், கோழிக்குஞ்சு கத்துறாப்ல?"

வருஷம் திரும்பியது. மாதாமாதம் பார்த்த சளியில் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் தெரிந்த நுரையீரல் ஓட்டை மூடிவிட்டது. வீட்டில் அக்காளுக்கும் பிள்ளைக்கும் எதுவும் தொற்றவில்லை. மலைக்குப் போன பூக்காரரும் குணமாகித் திரும்பினார். எல்லாருடைய முடிவுகளையும் சேர்த்துப் பார்த்த டாக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில், மலைக்குப் போனவர்களுக்கும் வீட்டில் இருந்தவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதே கேள்வியை அந்த ஆண்டுகளில் வேறு இடங்களிலும் கேட்டு, இதே பதிலைக் கண்டார்கள் என்று பின்னாளில் படித்தேன். அன்று எனக்கு அந்தச் செய்தியின் பெருமை புரியவில்லை. விசிட்டர் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதுதான் புரிந்தது. கட்டில் கிடைக்காத அத்தனை பேருக்கும் வீடே போதும் என்று அவரால் இனிமேல் சொல்ல முடியும்.

முதலாளியிடம் அந்தப் பதில் எடுபடவில்லை. "மலைச் சீட்டு எங்கப்பா?" என்றார். "நான் ஏத்துனாலும் சனம் ஏறாது. ஏறட்டும் பாப்போம், ஏறுனா நான் ஏன் தடுக்கப்போறேன்?" அது தை மாதம், பொங்கல் கழிந்த வாரம். காலை வண்டி ஸ்டாண்டில் நின்றது. மச்சான் காக்கிச் சட்டையில் படியோரம் நின்றார், பையில்லாமல், விசில் மட்டும் கழுத்தில். திண்டுக்கல் போகிற கூட்டம் வண்டியைச் சுற்றி வளையம்போல நின்றதே தவிர, ஒருவரும் ஏறவில்லை. முதலில் ஏறியவர் விசிட்டர் அம்மா. கண்டக்டர் இருக்கைக்கு ஒட்டிய இடத்தில் போய் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டார். அதற்கும் கூட்டம் அசையவில்லை. நர்ஸுகளுக்குப் பயமிருக்காது என்று நினைத்திருக்கலாம்.

அப்போதுதான் தலையில் மல்லிகைக் கூடையோடு சேவுகம்பட்டிப் பூக்காரர் வந்தார். நிலைமையைப் பார்த்தார். கூடையை இறக்காமலே சத்தம் போட்டார். "ஏலே, என்ன வேடிக்க? நானுந்தான் டீபிக்காரன். எங்கிட்டத்தான நேத்துப் பூ வாங்கித் தலையில வச்சீக? நான் மலைக் கட்டில்ல படுத்தேன், இவரு வீட்டுக் கட்டில்ல படுத்தாரு. மாத்திரை ஒண்ணு, டாக்டரு ஒண்ணு. ஒங்களுக்குக் கண்டக்டர் மேல பயமா, கட்டில் மேல பயமா?"

கூட்டத்தில் ஒரு கிழவி, அணாக் கணக்கில் சண்டை போட்டவர்களில் ஒருத்தி, சிரித்துக்கொண்டே முன்னால் வந்தாள். "ஏ அப்பு, செம்பட்டிக்கு இன்னும் அம்புட்டுத்தான் காசா, ஏத்திப்புட்டியா?" என்று கேட்டபடி படியேறினாள். பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இருவர். பிறகு இடத்துக்கு அடிதடி. முதலாளி சற்றுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தன் அறைக்குள் போய், தோல்பையைக் கொண்டுவந்து, தன் கையாலேயே மச்சான் தோளில் மாட்டினார். தன் அண்ணனை நினைத்திருப்பார்.

மச்சான் படியில் ஏறி நின்று விசிலை வாயில் வைத்தார். ஒரு வருஷத்துக்குமேல் பூட்டிவைத்த மூச்சு அது. இரண்டு விசில். அறுபடாமல், பிசிறில்லாமல், ஸ்டாண்டின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. டீக்கடையில் எவரோ கிளாஸை வைத்தார்கள். "போலாம் ரைட்!" என்று அவர் கத்தியபோது வண்டிக்குள்ளிருந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள். வண்டி அன்று தாமதமாகப் புறப்பட்டது. என் வேலைப்படி அந்த நேரத்தை எழுதினேன். தாமதத்தின் காரணம் கேட்கும் இடத்தில் எதை எழுதுவது என்று தெரியவில்லை. முதலாளி எட்டிப்பார்த்துவிட்டு, "கூட்டம்னு எழுது" என்றார்.

மச்சான் ஓய்வு பெறும்வரை அந்த விசிலைத்தான் ஊதினார். பிள்ளைக்குக் கல்யாணம் முடித்து, பேரப்பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். விசிட்டர் அம்மா இல்லை, பூக்காரரும் இல்லை. மச்சான் இருக்கிறார். சென்ற ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்து, வலக்கை விழுந்து, வாயும் ஒரு பக்கம் கோணிவிட்டது. ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர் ஒருவர், புதிய சிகிச்சை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறோம், விருப்பமிருந்தால் சேரலாம், யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவுசெய்யும் என்று வெகுநேரம் பக்குவமாக விளக்கினார். நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கட்டிலிலிருந்து குழறிய குரல் வந்தது: "பூப் போட்டுப் பாக்குறதுதானே? போடச் சொல்லு. மாத்திக்கக் கேக்க மாட்டேன்." அந்த டாக்டருக்குப் புரியவில்லை. அக்காள்தான் சிரித்தாள்.

அவருக்கு விழுந்தது புதிய சிகிச்சையா பழையதா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. உதட்டுக்குப் பயிற்சியாக எதையாவது ஊதச் சொன்னார்கள். அக்காள் பெட்டியைத் திறந்து இந்த விசிலை எடுத்துக் கொடுத்தாள். வாரக்கணக்கில் காற்று கடைவாய் வழியே ஒழுகியது, உள்ளே உருண்டைகூட அசையவில்லை. அவர் விடவில்லை. நேற்றுக் காலை நான் அவர் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கட்டையிலிருந்து விசிலை அவரே எடுத்தார், வலது கையால். பழைய பள்ளங்களில் பல்லை வைத்துக் கவ்வினார். அடுப்படியில் இருந்த அக்காள் கரண்டியோடு ஓடிவந்தாள். இரண்டு விசில்.

பழக்கதோஷம். நான் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.