மூன்று முறை அழைத்தவர்

"கோர்ட்டு வாசல்ல நின்னு கூப்பாடு போடுறது நீ. ஒம் மகளுக்கு உள்ள போயி வாதாடணுமாக்கும்! ஏண்ணே, யாராச்சும் கேட்டாச் சிரிக்க மாட்டாங்க?"

சென்னையில் சட்டக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்த அன்று எங்கள் சித்தப்பா அப்பாவிடம் கேட்டது இது. அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே பதில் சொன்னார்: "சிரிக்கட்டும்டா. அவங்க சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள இவ படிச்சு முடிச்சிருவா."

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நான் இன்னும் படித்து முடிக்கவில்லை. சித்தப்பாவின் கையிலும் அப்பாவின் இந்த நினைவு மலர் இருக்கும் என்பதால் இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா கீரனூருக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில் பிறந்தவர். மழை பொய்த்த ஓர் ஆண்டில் புதுக்கோட்டை நகருக்கு வந்து, கச்சேரி என்று நாங்கள் சொல்லும் கோர்ட்டில் தண்ணீர்ப் பானை நிரப்பும் வேலையில் சேர்ந்தார். பிறகு மார்பின் குறுக்கே டவாலிப் பட்டை அணியும் சேவகரானார். வழக்காளிகளின் பெயரை வாசலில் நின்று மூன்று முறை அழைப்பதே அவருடைய வேலை. அவருக்கு எழுத்துத் தெரியாது. காலையில் எழுத்தர் அன்றைய பட்டியலை ஒருமுறை படிப்பார். அப்பா பெயர், தகப்பனார் பெயர், ஊர் மூன்றையும் மனத்தில் வாங்கிக்கொண்டு மாலைவரை பிசகாமல் அழைப்பார். வாசலில் நடுங்கி நிற்கும் பெண்களிடம், "பயப்படாதீங்க ஆத்தா. நடந்தது நடந்தபடி சொல்லுங்க, போதும்" என்று மெல்லச் சொல்லி உள்ளே அனுப்புவார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான். திருச்சியில் பி.ஏ. முடித்ததும் சட்டம் படிக்க விரும்பினேன். யுத்த காலத்து ரயில் நெரிசலில் என் பெட்டியைத் தலைமேல் தூக்கி, ஜன்னல் வழியே உள்ளே தள்ளி, என்னைச் சென்னைக்கு அனுப்பியவர் அப்பா.

நான் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது அந்த அநியாயம் நடந்தது. ஒரு மிராசுதாருடைய வழக்கு, அவர் ஆஜராகாததால் தள்ளுபடியாயிற்று. அப்பா மூன்று முறை அழைத்தபோது அவர் எதிரே காப்பிக் கடையில் இருந்திருக்கிறார். ஆனால் தம்மை யாரும் அழைக்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். 'கடமையில் கவனக்குறைவு' என்ற இரண்டே சொற்களில் அப்பாவின் இருபத்தேழு ஆண்டு வேலை போயிற்று.

மார்கழி விடுமுறைக்கு வந்த என்னிடம் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அம்மாடி, நான் கூப்பிட்டேனா இல்லையான்னு ஒருத்தராச்சும் எங்கிட்டக் கேட்டாங்களா?"

எதிர்த்தரப்பைக் கேளாமல் எவரையும் தண்டிக்கலாகாது என்பதை அந்தப் பருவத்தில்தான் வகுப்பில் படித்திருந்தேன். "அப்பா, இதுக்குச் சட்டம் இருக்கு!" என்று துள்ளினேன். மூன்று நாள் உட்கார்ந்து பதினோரு பக்க மனு எழுதினேன். பிரிவுக்குப் பிரிவு எண் போட்டேன். அப்பா கட்டைவிரலில் மை தொட்டு அழுத்திவிட்டு, "நீ எழுதினதுக்குக் கீழ நானு" என்றார். அவருடைய முகத்தில் இருந்த அந்தப் பெருமையை இன்று நினைத்தாலும் எனக்கு என்மீதே கோபம் வருகிறது.

ஏனென்றால் நான் எழுதியது சென்னை மாகாணத்துச் சட்டம். நாங்கள் இருப்பதோ மன்னர் ஆளும் புதுக்கோட்டை சமஸ்தானம். இங்கே சட்டப் புத்தகமே வேறு. நியாயம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனாலும், 'இங்கு அமலில் இல்லாத சட்டம். முப்பது நாளில் திருத்தித் தருக' என்ற குறிப்புடன் மனு திரும்பி வந்தது.

அந்த உறை வந்தபோது நான் சென்னையில் இருந்தேன். அரக்கு முத்திரையைப் பார்த்த அப்பா, வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்றே நம்பினார். எங்கள் தாயாரை நாங்கள் ஆத்தா என்று அழைப்போம். எதிர்வீட்டு வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாமே என்று ஆத்தா சொன்னதற்கு, "எம் மக எழுதினதுக்கு வந்தது. எம் மகதான் பிரிக்கணும்" என்றாராம். உறைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முருகன் படத்தடியில் சாய்த்து, தினமும் பூப் போட்டார். தேர்வு முடிந்து சித்திரையில் நான் வந்து பிரித்தபோது முப்பது நாள் கெடு என்றோ கழிந்திருந்தது.

"எனக்கு ஒரு கடுதாசி போடச் சொல்லியிருக்கக் கூடாதா அப்பா?" என்று கத்திவிட்டேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "பரீட்சை நேரமாச்சேம்மா" என்று மட்டும் சொன்னார்.

வைகாசியில் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. எட்டே நாள். கடைசி இரண்டு நாளும் யார் யாருடைய பெயரையோ அழைத்துக்கொண்டிருந்தார், ஊரும் தகப்பனார் பெயரும் பிசகாமல்.

முதலாண்டுத் தேர்வில் நான் தேறிய செய்தி அதன் பிறகே வந்தது. ஆத்தாவைத் தனியே விட முடியாமல் ஓராண்டு படிப்பு நின்றது. "இனி யாருக்காகப் படிக்கப் போற?" என்றார் சித்தப்பா. அவரிடமும் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் பாடை கட்டியதும் ஆத்தாவுக்கு அரிசி கொண்டுவந்ததும் அவர்தான். அந்த நன்றியை மறக்க மாட்டேன்.

சமஸ்தானச் சட்டம் கடையில் கிடைக்காது. கச்சேரியின் ஆவண அறையில் அமர்ந்து கையால் நகலெடுக்க எனக்கு இடம் கொடுத்த எழுத்தருக்கும், "இங்கிட்டு உக்காருங்க தங்கச்சி, வெளிச்சம் வரும்" என்று ஜன்னலோரம் பெஞ்சை நகர்த்திய சேவகருக்கும், சென்னையிலிருந்து பாடக் குறிப்புகளை அனுப்பிவரும் விடுதித் தோழிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கருமாதியன்று குளத்தூரிலிருந்து நடந்தே வந்து, "அந்த மிராசுதார மூணு தடவை கூப்பிட்டாரும்மா. எங் கேசுக்காக அன்னிக்கு வாசல்லதான் நின்னேன், எங் காதால கேட்டேன். எங்க வந்து சொல்லணுமோ சொல்லு, வாரேன்" என்ற அந்தத் தாய்க்குத்தான் நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம்.

பெற்றவர் பெயரைப் பிள்ளைகள் சொல்லாத எங்கள் வழக்கப்படி, இம்மலரில் அப்பாவின் பெயரை நான் எழுதவில்லை. அதை வேறோரிடத்தில் எழுதியிருக்கிறேன். தாமதத்தை மன்னித்து விசாரிக்கக் கோரும் புதிய மனுவை, இந்த ஊர்ச் சட்டப்படி, சென்ற திங்கட்கிழமை கச்சேரியில் பதிவு செய்துவிட்டேன். அப்பாவின் பெயர், தகப்பனார் பெயர், ஊர் மூன்றும் முதல் வரியில் இருக்கின்றன. பழைய மனுவில் அவர் கட்டைவிரலை அழுத்திய இடத்தில், இதில் வாரிசு என்று என் கையெழுத்து இருக்கிறது.

விசாரணை ஆனி பத்தாம் தேதி. அன்று அந்த வாசலில் அவருடைய பெயரை அழைப்பார்கள்.