தூசி படாத கார்

விழுப்புரத்தில் நான் ஏறிய சென்னை பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரர் மடியில் மெழுகு டப்பாவும் மெத்தென்ற துணியும் வைத்திருந்தார். அறுபது வயதிருக்கும். நகக்கண்ணெல்லாம் வெள்ளையாகப் பாலிஷ். பேசும்போதே முன்சீட்டுக் கம்பியை வட்ட வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சென்னையில் பழைய கார்களின் கண்காட்சியாம். அவருடைய கார் லாரியில் முன்னால் போயிருந்தது.

“நீங்களே ஓட்டிக்கினு போலாமே?” என்றேன்.

“ரோட்ல எறக்குனா தூசி படிஞ்சிடுங்க. ஒரு வாரமா கழுவி, பாலிஷ் போட்டு, மெழுகு பூசி வச்சிருக்கேன்.”

“வீட்ல யாருமே ஏறுனதில்லையா?”

துடைத்த கை நின்றது. “கல்யாணத்தன்னிக்கு எம்பொண்ணு அதுலதான் போவேன்னா. தூறிக்கினு இருந்துச்சு. வாடகைக் கார்ல அனுப்பிட்டேன். அவ அழுதா. நானும் அழுதேன். ஆனா கார்மேல ஒரு சொட்டு படலைங்க.”

பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டியது. பிறகு, இந்த முறை பரிசு உண்டா என்று கேட்டேன்.

“போன தடவ ரெண்டாவதுங்க. மொதப் பரிசு வாங்குன கார்ல பொண்டாட்டி, புள்ளைங்கன்னு குடும்பமே வந்து எறங்குச்சு. சீட்டெல்லாம் ஒரே மண்ணு.”

திண்டிவனத்தில் நான் இறங்கிக்கொண்டேன். அந்த மண்ணை அவர் குறையாகச் சொன்னாரா, ஏக்கமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.