பழுப்பா, சிவப்பா?

கலர் அண்ணன் என்றால் அந்த ஆய்வுக்கூடத்தில் தெரியாதவர் கிடையாது. இருபத்து மூன்று வருஷமாக நுண்ணுயிர் வளர்க்கும் உதவியாளர். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் விளக்கடியில் நிற்கும் பாட்டில்களை ஒரு பார்வை பார்த்தால் போதும், எது தேறும், எது தேறாது என்று சொல்லிவிடுவார். மெஷின் எதுக்கு, அண்ணன் கண்ணு போதாதா என்பார்கள். பாவி மனுஷன், அதைக் கேட்டுக் கேட்டு உச்சி குளிர்ந்துபோயிருந்தார்.

அவர் வளர்க்கும் நுண்ணுயிர்கள் காற்றில்லாமல், வெளிச்சத்தைக் கொண்டே பிழைப்பவை. கேரட்டுக்கு நிறம் தருகிற சாயத்தின் பங்காளி ஒன்று அவற்றுக்குள் உண்டு. பச்சையத்துக்குச் சிக்காத ஒளியை அது பிடித்து, கண்மூடித் திறக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட ஆவதற்குள் பச்சையத்தின் கையில் திணித்துவிடும். பிடித்ததில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று அளப்பதுதான் அங்கே முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் பெண்ணின் வேலை. பாட்டிலுக்குள் காற்று மட்டும் புகக் கூடாது. புகுந்தால் அந்தச் சாயமே வேறாக மாறி, பழுப்பு நீர் சிவந்துவிடும். சிவந்ததை அண்ணன் பார்த்துக் கொட்டிவிட வேண்டும்.

நாலு மாசமாக அவளுடைய அளவுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒரு நாள் தொண்ணூறு சதவீதம், மறுநாள் எழுபது. இன்று பேராசிரியர் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். வேலையை நிறுத்தச் சொல்லப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்று காலை வீட்டில் அண்ணனின் மனைவி சிரித்தாள்.

"என்னங்க, பழுப்புச் சட்டையப் போடுங்கன்னா சிவப்ப மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

அவர் குனிந்து பார்த்தார். அவர் கண்ணுக்குச் சட்டை பழுப்பாகத்தான் தெரிந்தது. கண்ணில் மங்கல் தட்டி நாலு மாசம் ஆகிறது. வெளியே சொன்னால் வாசல் காவலுக்கு மாற்றிவிடுவார்களே என்று மூச்சுவிடாமல் இருந்தார். வெறும் மங்கல்தானே, சமாளிக்கலாம் என்று நினைத்தார். நிறமும் சேர்ந்து போகும் என்று யார் கண்டது?

ஆய்வுக்கூடத்துக்கு ஓடி மூடிகளைத் தடவிப் பார்த்தார். இரண்டு ரப்பர் மூடிகளில் மயிரிழை விரிசல். அந்த இரண்டு பாட்டில்களோடு பேராசிரியர் அறை வாசலுக்குப் போனவருக்குக் கால் உள்ளே நகரவில்லை. சொன்னால் இருபத்து மூன்று வருஷப் பேர் போகும். சொல்லாவிட்டால் ஒருத்தரும் கேட்கப்போவதில்லை.

உள்ளே பேராசிரியர் கேட்டுக்கொண்டிருந்தார். "உன் கைதான் சரியில்லயா, இல்ல பாட்டில்ல ஏதாச்சும் கோளாறா?"

"பாட்டில்ல இருக்காது சார்," என்றாள் அவள். "அண்ணன் பாத்துக் குடுத்தது. என் கைதான் சார்."

அதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை. உள்ளே போய் மேஜைமேல் இரண்டையும் வைத்தார்.

"சார், இது என்ன கலர்?"

"என்னய்யா கேள்வி இது? ரெண்டும் நல்ல சிவப்பு."

"எனக்குப் பழுப்பாத் தெரியுது சார்," என்றார் அண்ணன். "கண்ணு நாலு மாசமா சரியில்ல. தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்."

பேராசிரியர் பாட்டிலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று அவர் காத்து நின்றார். திட்டியிருந்தால் தேவலை.

"தினமும் உங்ககிட்ட வந்துதானேண்ணே அழுதேன்," என்றாள்.