பழைய தண்ணி

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் மேனேஜர் அறை ஒழுகியது. மொட்டைமாடியில் விரித்திருந்த ரப்பர் ஷீட் கிழிந்திருந்தது. ஒட்ட வந்தவருக்கு மீசையில்கூடக் கருப்புப் பசை. கிழிசலில் ரப்பர்த் துண்டு ஒட்டி, ஒழுகுகிறதா என்று பார்க்க மேலே தண்ணீரைத் தேக்கிவிட்டு, கீழே வந்து மேனேஜர் நாற்காலியிலேயே உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். எங்கே வேலை செய்தாலும் அவர் வழக்கம் அதுதானாம்.

"யோவ், இன்னாய்யா இது?" என்றார் மேனேஜர்.

"ஒட்னவன் தலையிலதான் சார் மொதல்ல ஒழுகணும்."

சொல்லி வாய் மூடவில்லை, அவருடைய தயிர்சாதத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தார்.

"இது பழைய தண்ணி சார். காங்கிரீட்டு உள்ள நின்னுக்கினு கீது. தீந்துடும்."

அதே சோற்றை நிதானமாகப் பிசைந்து அவர் சாப்பிட்ட அழகில் நாங்களும் நம்பிவிட்டோம். அந்த மேனேஜர் ரிட்டயரே ஆகிவிட்டார். பழைய தண்ணிதான் இன்னும் தீர்ந்தபாடில்லை.