காங்கேயத்தில் இறந்த வேல்ஸ்காரர்

நான் எழுதிய முதல் நாடகத்தின் நாயகன் வேல்ஸ் நாட்டுக்காரர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் ஊராக நடித்துத் திரிந்தவர், கிடைத்த நேரத்தில் புத்தகமும் எழுதியவர். பாதி எங்கோ படித்தது, மீதி என் கற்பனை. கடைசிக் காட்சியில் முன்பின் தெரியாத ஊரில், ஒரு சத்திரத்தில், அழ ஆளில்லாமல் செத்துப்போவார். அவரை ஏன் பிடித்தது என்று கேட்கவே வேண்டாம். நானும் கோவையிலிருந்து வேனில் ஊர் ஊராகப் போய் நடிப்பவள்தான்; லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து எழுதுபவள்தான்.

எங்கள் குழுத் தலைவர் சூலூர்க்காரர், தறி ஓட்டிக்கொண்டே நடிக்க வந்தவர். நாடகத்தைப் படித்துக் காட்டியதும் தலையைச் சொறிந்தார். நம்ம சனம் சாமி கதைக்கு வரும், சிரிப்பு நாடகத்துக்கு வரும், கோட்டுப் போட்ட துரைக்கு யார் வருவார்கள் என்றார். நான் விடுவேனா? சண்டை போட்டே சம்மதிக்க வைத்தேன். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஒருக்கா போட்டுப் பாக்கலாம் அம்மணி. சனம் கை தட்டலீன்னா எழுதறத இதோட உட்ரோணும்."

வீம்புக்குச் சரி என்றேன்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், கோயில் மண்டபம், ஞாயிறு பிற்பகல். எங்களுக்குச் சமைத்துப் போட்ட உள்ளூர் அக்கா முன்வரிசையில் இடம் பிடித்து, பக்கத்தில் எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்தார். டீக்கடையிலிருந்து எழுந்தால்கூட 'வாரேனுங்க' என்று சொல்லிவிட்டுத்தான் போகும் ஊர் அது.

தலைவரே வேல்ஸ்காரர், நான் சத்திரக்காரி. அவர் கண்ணை மூடிவிட்டேன். அழக்கூட ஒரு நாதியில்லையே என்று சொல்லி விளக்கை ஊதி அணைத்தேன். நாடகம் முடிந்தது.

ஒரு கைதட்டல் இல்லை. பிணமாகக் கிடந்த தலைவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். சனம் ஒவ்வொருவராக எழுந்து, தலையைக் குனிந்தபடி வெளியே போனது. ஒருவர் வாயிலிருந்தும் ஒரு 'வாரேனுங்க' வரவில்லை. அந்த அக்காகூட என்னைப் பார்க்காமல் போனார்.

அவ்வளவு மோசமாகவா எழுதியிருந்தேன்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகம் கழுவலாம் என்று மண்டபத்துக்கு வெளியே இருந்த குழாயடிக்குப் போனேன். அங்கே வரிசை நின்றது. ஒவ்வொருவராகக் கை கால் கழுவி, தலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அக்காவை நிறுத்தி, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்களே என்று கேட்டேன். அவர் கண் சிவந்திருந்தது.

"எளவூட்டுல சொல்லீட்டா கண்ணு போவாங்க?"

நின்ற இடத்திலேயே அழுதேன், சந்தோஷத்தில்தான். அழ ஆளில்லை என்று நான் எழுதிவைத்த மனிதருக்காக ஓர் ஊரே கால் கழுவிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தால், கோட்டைக்கூடக் கழற்றாமல் தலைவரும் வரிசையில் நிற்கிறார். செத்தவரே வந்து நிற்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நகர்ந்து இடம் விட்டார்கள். காலைக் கழுவிவிட்டு என்னிடம் வந்தார்.

"சூலூர்லயும் இதையே போட்டர்லாம் அம்மணி. நீ அடுத்தத எழுத ஆரம்பி."

சாமான்களை வேனில் ஏற்றினோம். வழக்கமாக ஊரே கேட்கும்படி விடைபெற்றுத்தான் கிளம்புவோம். அன்று யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டி ஏறினோம்.